வங்கியின் மூலதனக் கணக்கைப் படிப்பது எப்படி: 2008-க்குப் பின் வந்த விதிகளும் ஒரு பட்டறைக் கடனும்

இந்தியாவில் இயங்கும் எந்த வணிக வங்கியின் இணையதளத்தைத் திறந்தாலும், பெரும்பாலும் பக்கத்தின் அடிப்பகுதியில், 'பாசல் 3 வெளிப்படுத்தல்கள்' என்ற பொருளில் ஓர் இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் காலாண்டுக்கு ஒன்றாக அடுக்கிய கோப்புகள் கிடைக்கும். வாழ்நாள் சேமிப்பை அந்த வங்கியில் போட்டு வைத்திருப்பவர்களும் சரி, அதே வங்கியின் வாசலில் தொழிற்கடன் கேட்டு நிற்பவர்களும் சரி, அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது அரிது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதைப் படித்துவிடலாம் என்பதும், படித்தால் இரண்டு கேள்விகளுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கும் என்பதும்தான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். என் பணம் இருக்கும் வங்கி ஓர் அடியைத் தாங்குமா என்பது முதல் கேள்வி. நான் கேட்கும் கடனின் வட்டியில் விதிகளின் பங்கு எவ்வளவு, வங்கியின் விருப்பம் எவ்வளவு என்பது இரண்டாவது.

கணக்குக்குப் போகுமுன் அதன் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்த அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் சொத்துகள் 63,900 கோடி டாலர். ஆனால் அந்நிறுவனம் சொந்தப் பணம் ஒரு டாலருக்குச் சுமார் முப்பது டாலர் சொத்தைச் சுமந்துகொண்டிருந்தது. சொத்தின் மதிப்பு மூன்றரை சதவிகிதம் சரிந்தாலே சொந்தப் பணம் முழுவதும் போய்விடும் என்ற நிலையில் நின்ற நிறுவனம் அது. அங்கே தொடங்கிய முடக்கம் நிதிச் சந்தையோடு நிற்கவில்லை. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் விகிதம் 10 சதவிகிதத்தைத் தொட்டது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பின்னலாடை அனுப்பிக்கொண்டிருந்த திருப்பூரில் ஆர்டர்கள் வறண்டன. அதற்குச் சற்று முன்புதான், தங்களுக்கே முழுமையாகப் புரியாத அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு அப்பகுதி ஏற்றுமதியாளர்கள் பலர் பெரும் நட்டம் கண்டு, நீதிமன்றப் படியேறியிருந்தார்கள். நிதி விதிகளுக்கும் தறி ஓடும் சத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளைத்தான் காட்ட வேண்டும்.

அந்த அனுபவத்துக்குப் பின், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடும் வங்கி மேற்பார்வைக் குழு 2010 டிசம்பரில் வெளியிட்டதே பாசல் 3 என்னும் விதித்தொகுப்பு. அதை ஏற்றுக்கொண்ட நம் ரிசர்வ் வங்கி, பல இடங்களில் உலக அளவைவிடக் கடுமையாகவே நடைமுறைப்படுத்தியது.

தொகுதியில் என்ன இருக்கிறது

வெளிப்படுத்தல் கோப்பில் அட்டவணைகளுக்கு எண்கள் உண்டு. முதலில் டிஎஃப்-2 என்ற அட்டவணைக்குப் போங்கள். வங்கியின் மூலதனப் போதுமை விகிதம் அங்கே இருக்கும். பள்ளியில் படித்த பின்னத்தைப் போல இதற்கும் ஒரு தொகுதியும் ஒரு பகுதியும் உண்டு. தொகுதி என்பது வங்கியின் சொந்த மூலதனம். பகுதி என்பது இடர் எடையிட்ட சொத்துகள். இந்திய வங்கிகளுக்கு இந்த விகிதம் குறைந்தது 9 சதவிகிதம் இருக்க வேண்டும், அதன்மேல் 2.5 சதவிகிதம் பாதுகாப்பு இருப்பு, ஆக 11.5 சதவிகிதம். பாசல் குழு கேட்பது 8 சதவிகிதமும் அதே 2.5 சதவிகிதமும்தான்.

தலைப்பில் போடும் மொத்த விகிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மூலதனம் எல்லாம் ஒரே தரமானது அல்ல. பொதுப் பங்கு மூலதனமும் சேர்த்துவைத்த லாபமும்தான் முதல் அடியைத் தாங்குவன. அதற்கடுத்தது 'கூடுதல் முதல் அடுக்கு' பத்திரங்கள், அதன் பின் 'இரண்டாம் அடுக்கு' பத்திரங்கள். இவை வங்கி விற்ற கடன் பத்திரங்களே. வங்கி நொடிக்கும் நிலை வந்தால் இவற்றைச் சுழியாக்கலாம் என்ற நிபந்தனையோடு விற்கப்பட்டவை. அந்த நிபந்தனை காகிதத்தோடு நிற்பதில்லை. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மீட்கப்பட்டபோது 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள கூடுதல் முதல் அடுக்குப் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில், 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் போயிற்று. சுமார் 318 கோடி ரூபாய் இரண்டாம் அடுக்குப் பத்திரங்களும் போயின. வைப்பாளர்களின் பணம் தப்பியது. ஆனால் இணைப்பு முடியும்வரை, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை இருந்தது. 'வைப்புநிதியைப் போலத்தான், வட்டி கொஞ்சம் கூடுதல்' என்று யாராவது உங்களிடம் வங்கிப் பத்திரம் விற்க வந்தால், அது எந்த அடுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

ஆகவே, மொத்த விகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொதுப் பங்கு விகிதத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 சதவிகிதமாகவும் பொதுப் பங்கு 9 சதவிகிதமாகவும் உள்ள வங்கியைவிட, மொத்தம் 14 ஆகவும் பொதுப் பங்கு 13 ஆகவும் உள்ள வங்கியே என் பார்வையில் வலிமையானது.

பகுதியில்தான் சூட்சுமம்

இந்தப் பின்னத்தின் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானோ அதற்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். வங்கி கொடுத்த ஒவ்வொரு கடனுக்கும் ஓர் எடை உண்டு. மத்திய அரசின் கடன் பத்திரத்துக்கு எடை சுழியம். ஏஏஏ என்னும் மிக உயர்ந்த தரமதிப்பீடு பெற்ற பெருநிறுவனத்துக்கு 20 சதவிகிதம். வரையறைக்குள் வரும் சிறுதொழில் கடனுக்கு 75. தரமதிப்பீடு இல்லாத நிறுவனத்துக்குப் பொதுவாக 100. இந்த எடைகளால் பெருக்கிக் கூட்டியதே இடர் எடையிட்ட சொத்து. எடைகள் அவ்வப்போது மாறும் என்பதால், கணக்குப் போடும் நாளில் ரிசர்வ் வங்கியின் நடப்புச் சுற்றறிக்கையை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு வங்கிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் மொத்தச் சொத்து ஒரு லட்சம் கோடி ரூபாய். முதல் வங்கியின் இடர் எடையிட்ட சொத்து 50,000 கோடி, பொதுப் பங்கு மூலதனம் 6,000 கோடி. இரண்டாவதற்கு இடர் எடையிட்ட சொத்து 25,000 கோடி, மூலதனம் 3,000 கோடி. இரண்டின் விகிதமும் 12 சதவிகிதம். ஆனால் எடையை எடுத்துவிட்டுப் பார்த்தால், முதல் வங்கி நூறு ரூபாய்ச் சொத்துக்கு ஆறு ரூபாய் சொந்தப் பணம் வைத்திருக்கிறது; இரண்டாவது மூன்று ரூபாய்தான். எடைகள் சரியாக இருந்தால் இரண்டும் சமம். எடைகள் தவறாகிவிட்டால் இரண்டாவது வங்கி முதலில் விழும்.

எடைகள் தவறாகவும் போகும் என்பதற்கு பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கடன்களின் இடரைத் தன் சொந்தக் கணிப்பு முறையில் அளந்துகொள்ள 2007 ஜூன் மாதக் கடைசியில் அதற்கு அனுமதி கிடைத்தது. உடனே பகுதி சுருங்கியது, விகிதம் உயர்ந்தது, மூலதனம் தேவைக்கு மேல் இருப்பதாகத் தோன்றியது. ஜூலையில் பங்குதாரர்களுக்கான இடைக்கால ஈவுத்தொகையை 30 சதவிகிதம் உயர்த்துவதாக வங்கி அறிவித்தது. செப்டம்பர் 14 அன்று அதன் கிளைகளின் வாசல்களில் வைப்பாளர்கள் வரிசையில் நின்றார்கள். விகிதம் உயர்ந்த ஆண்டில், தொகுதி கூடியதால் உயர்ந்ததா, பகுதி குறைந்ததால் உயர்ந்ததா என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பதற்கு இது போதும்.

இதனால்தான் பாசல் 3 எடையே பார்க்காத இன்னொரு அளவுகோலையும் கொண்டுவந்தது. எடை போடாத மொத்தச் சொத்தில் மூலதனம் எத்தனை சதவிகிதம் என்று சொல்லும் லீவரேஜ் விகிதம்தான் அது; டிஎஃப்-18 அட்டவணையில் இருக்கும். உலக அளவு 3 சதவிகிதம், இந்தியாவில் 3.5 சதவிகிதம், அமைப்பு முழுவதையும் அசைக்கக்கூடிய மிகப் பெரிய வங்கிகளுக்கு 4 சதவிகிதம். மூலதனப் போதுமை விகிதத்தையும் லீவரேஜ் விகிதத்தையும் நான்கைந்து காலாண்டுகளுக்கு அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். முன்னது ஏறி, பின்னது அசையாமல் நின்றாலோ இறங்கினாலோ, எடைகளில் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். டிஎஃப்-4 அட்டவணையில், 100 சதவிகிதத்துக்குக் கீழே, சரியாக 100, அதற்கு மேலே என்று கடன்கள் மூன்று கூடைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மாற்றம் எங்கே நடந்தது என்று அங்கே தெரியும்.

பணம் எங்கிருந்து வருகிறது

மூலதனம் போதுமானதாக இருந்தும் வங்கிகள் விழுந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் கிரெடி சுவிஸ் வங்கியின் பொதுப் பங்கு விகிதம் 2022 இறுதியில் 14.1 சதவிகிதம். முப்பது நாள் நெருக்கடியைச் சமாளிக்கக் கையில் இருக்க வேண்டிய ரொக்கத்தன்மை 100 சதவிகிதம் என்றால், அதனிடம் 144 சதவிகிதம் இருந்தது. 2023 மார்ச் 19 அன்று அது யுபிஎஸ் வங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வைப்புத்தொகை வெளியேறியது. அந்த வங்கி நீண்ட காலக் கடன் பத்திரங்களில் பணத்தை முடக்கி, வட்டி ஏறியபோது பெரும் மதிப்பிழப்பைச் சுமந்திருந்தது. 2018-இல் அமெரிக்கா தளர்த்திய விதிகளால் ரொக்கத்தன்மை விதி அதன்மேல் பாயவுமில்லை.

எனவே மூன்றாவது வேலை, வங்கியின் பணம் யாருடையது என்று பார்ப்பது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சிறு வைப்புகளா, அல்லது சில பெரிய நிறுவனங்களின் மொத்த வைப்புகளும் சந்தைக் கடனுமா? நார்தர்ன் ராக் வங்கிக்கு மக்களின் வைப்புத்தொகை கால் பங்குக்கும் குறைவு. மீதி சந்தையிலிருந்து வந்தது. சந்தை உறைந்ததும் மூச்சு நின்றது. ஆண்டறிக்கையில் முதல் இருபது பெரிய வைப்பாளர்களின் பங்கு எத்தனை சதவிகிதம் என்ற ஒரு வரி இருக்கும். அது ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்தால் கவனிக்க வேண்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதை, ஓய்வூதியப் பணத்தை ஒரே இடத்தில் போடும் பெரியவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாராக்கடனின் ஓட்டம்

டிஎஃப்-3 அட்டவணையில் வாராக்கடன் எவ்வளவு என்பதோடு, ஆண்டின் தொடக்கத்தில் எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்ற ஓட்டமும் இருக்கும். இறுதி எண்ணைவிட 'புதிதாகச் சேர்ந்தது' என்ற வரியே நடப்பைச் சொல்லும். இறுதி எண்ணைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தும் குறைக்கலாம். தொழில்வாரியாகக் கடன் எவ்வளவு என்ற பட்டியலும் அதே அட்டவணையில் உண்டு. ஜவுளி, கட்டுமானம், உலோகம் என்று வரிசையாக இருக்கும் அந்தப் பட்டியலில் உங்கள் தொழிலுக்கு வங்கி எவ்வளவு கொடுத்திருக்கிறது, சென்ற ஆண்டைவிடக் கூட்டியதா குறைத்ததா என்று பார்த்துவிட்டுக் கிளைக்குப் போனால், பேச்சின் தொடக்கமே வேறாக இருக்கும்.

இந்த இடத்தில் இந்தியாவுக்கே உரிய ஒரு பாடத்தைச் சொல்லியாக வேண்டும். 2008 நெருக்கடியின்போது, தவணை கட்ட முடியாத நிறுவனங்களின் கடனை மறுசீரமைத்து, அதை வாராக்கடன் என்று காட்டாமலிருக்க வங்கிகளுக்குச் சலுகை தரப்பட்டது. அந்த நேரத்தில் அது தேவையான மருந்து. ஆனால் சலுகை 2015 மார்ச் வரை நீடித்தது. திரும்ப வராது என்று தெரிந்த கடன்களும் நல்ல கடன்களின் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தன. 2015-இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தரத்தை நேரடியாக ஆய்வு செய்யத் தொடங்கியதும் உண்மை வெளிவந்தது. 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவிகிதத்தைத் தாண்டியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 அக்டோபர் முதல் 2021 செப்டம்பர் வரை ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் இருந்தது. அந்த நடவடிக்கையின் கீழ் வரும் வங்கியால் முன்போல் தாராளமாகக் கடன் கொடுக்க முடியாது. பெரிய நிறுவனங்களின் மறைத்த கடனுக்கு, ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்த சிறு கடனாளிகளும் தங்கள் வளர்ச்சியை விலையாகக் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். விதி கடுமையாக இருந்ததால் நேர்ந்ததைவிட, விதியைத் தளர்த்திவிட்டு அதைத் திரும்ப இறுக்கத் தாமதித்ததால் நேர்ந்த சேதமே பெரிது என்பது என் கணிப்பு.

ஒரு கோடி ரூபாய்க் கடனில் விதியின் பங்கு

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கணினிவழி இயங்கும் கடைசல் எந்திரம் வாங்க ஒரு கோடி ரூபாய் கேட்கிறார் என்று வையுங்கள். ஆண்டு விற்பனை 50 கோடிக்குள்ளும், வங்கியில் அவருடைய மொத்தக் கடன் ஏழரைக் கோடிக்குள்ளும் இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், இந்தக் கடனுக்கு எடை 75 சதவிகிதம்.

ஒரு கோடியின் 75 சதவிகிதம் 75 லட்சம், அதில் 11.5 சதவிகிதம் 8,62,500 ரூபாய். இந்தக் கடனுக்காக வங்கி ஒதுக்க வேண்டிய சொந்த மூலதனம் அவ்வளவுதான். இதையே 100 சதவிகித எடையில் போட்டால் 11,50,000 ரூபாய். ஏஏஏ மதிப்பீடு பெற்ற பெருநிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால் 2,30,000 ரூபாய்.

பங்குதாரர்கள் தங்கள் பணத்துக்கு 15 சதவிகிதம் எதிர்பார்க்கிறார்கள், வைப்பாளருக்கு வங்கி 6 சதவிகிதம் கொடுக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வைப்புப் பணத்துக்குப் பதிலாக மூலதனத்தைப் பயன்படுத்துவதால் ஆகும் கூடுதல் செலவு 9 சதவிகிதம். பட்டறைக்கும் பெருநிறுவனத்துக்கும் இடையிலான மூலதன வேறுபாடு 6,32,500 ரூபாய். அதில் 9 சதவிகிதம் 56,925 ரூபாய். ஒரு கோடிக் கடனில் இது ஏறத்தாழ 0.57 சதவிகிதம். பெருநிறுவனத்திடம் வாங்கும் வட்டியைவிட உங்களிடம் மூன்று சதவிகிதம் கூடுதலாகக் கேட்டுவிட்டு, 'பாசல் விதிதான் காரணம்' என்று சொன்னால், அந்தக் காரணம் அரை சதவிகிதத்துக்குச் சற்று மேல் வரைதான் செல்லும். மீதி, கடன் திரும்பாமல் போகலாம் என்ற அச்சத்துக்கும், சிறு கடனைக் கண்காணிக்கும் செலவுக்கும், உங்களுக்கு வேறு வங்கி கிடைக்காது என்ற கணக்குக்கும் உரியது. முதல் இரண்டும் நியாயமானவை. மூன்றாவதைப் பேசிக் குறைக்கலாம்.

பலரும் தவறவிடுவது இன்னொன்று. குறு, சிறு தொழில்களுக்கான சிஜிடிஎம்எஸ்இ கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் உத்தரவாதம் பெற்ற பகுதிக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எடை சுழியம். நம் பட்டறைக் கடனில் 75 சதவிகிதத்துக்கு உத்தரவாதம் கிடைத்தால், எஞ்சிய 25 லட்சத்துக்கு மட்டும் மூலதனம் ஒதுக்கினால் போதும். 8,62,500 ரூபாய் 2,15,625 ரூபாயாகிவிடுகிறது. உத்தரவாதக் கட்டணத்தைக் கடனாளியின் தலையில் வைத்துவிட்டு, அதனால் மிச்சமாகும் மூலதனத்தின் பலனை வங்கியே வைத்துக்கொள்வது முறையல்ல. அதை எடுத்துச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

செய்திகளில் வரும் இரண்டு பேச்சுகள்

கடுமையான விதிகள் சிறுதொழிலை நசுக்கிவிட்டன என்று ஒரு பக்கம் சொல்வார்கள். விதியைச் சற்றுத் தளர்த்தினால் கடன் பாய்ந்து ஓடும் என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். இரண்டையும் சான்றோடு உரசிப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் சிறுதொழில் கடனுக்கான மூலதனத்தை 0.7619 என்ற எண்ணால் பெருக்கிக் குறைத்தது. பாசல் 3 உயர்த்திய 10.5 சதவிகிதத்தைப் பழைய 8 சதவிகிதத்துக்கே கொண்டுவரும் கணக்கு அது. அதனால் சிறுதொழில் கடன் பெருகியதா என்று 2016-இல் ஆராய்ந்த ஐரோப்பிய வங்கி ஆணையத்துக்குச் சொற்பச் சான்றே கிடைத்தது. உலக நிதி நிலைப்பு வாரியம் 2019-இல் வெளியிட்ட ஆய்வோ, சீர்திருத்தங்கள் சிறுதொழில் கடனைப் பொதுவாகவும் நீடித்தும் பாதித்ததாகத் தெரியவில்லை என்றது; மூலதனம் குறைவாக இருந்த வங்கிகளில் மட்டும் கடன் வளர்ச்சி சில இடங்களில் மெதுவானது.

ஆனால் எடைகளுக்கு வலிமையே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, பிணையில்லாத தனிநபர் கடன் போன்றவற்றின் எடையை 100-லிருந்து 125 ஆக்கியது. வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு வங்கிகள் கொடுக்கும் கடனில், எடை 100-க்குக் குறைவாக இருந்தவற்றுக்கு 25 புள்ளிகள் கூட்டியது. இரண்டின் வளர்ச்சியும் வேகம் குறைந்தது. பின்னதை 2025 பிப்ரவரியில் பழைய நிலைக்கே கொண்டுவந்தார்கள். பழைய லாரிக்கு நிதி நிறுவனத்தில் கடன் வாங்குகிறவருக்கு வட்டி மாறியிருந்தால், அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்த வங்கியின் கணக்கில் ஓர் எடை மாறியது அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கிளைக்குப் போகும்போது, எழுத்தில் மூன்று கேள்விகளைக் கொண்டுசெல்லுங்கள். என் கடன் எந்த வகையில், எத்தனை சதவிகித எடையில் வைக்கப்பட்டிருக்கிறது? ரெப்போ விகிதத்தின் (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி) மேல் வைத்த கூடுதல் வட்டியில், என் கடன்தகுதிக்கான பங்கு எவ்வளவு, வங்கியின் இயக்கச் செலவுக்கான பங்கு எவ்வளவு? உத்தரவாதம் பெற்றால் கடன்தகுதிக்கான பங்கு எவ்வளவு குறையும்? குறு, சிறு நிறுவனங்களுக்கான மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. உங்கள் கடன்தகுதியில் கணிசமான மாற்றம் இல்லாமல் கடன்தகுதிக்கான அந்தப் பங்கை வங்கி நடுவில் உயர்த்த முடியாது. ஆகவே இந்த மூன்றுக்கும் பதிலை ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கி, அந்தக் காலாண்டின் டிஎஃப்-2, டிஎஃப்-4 பக்கங்களின் அச்சுப்படியோடு சேர்த்து உங்கள் கடன் கோப்பில் வைத்துவிடுங்கள்.